பதினோரு நாள் பிள்ளையின் இடம்

லிஃப்ட்காரரின் வீட்டுச் சுவரில் மருந்துக்குக்கூட ஓர் ஆணி கிடையாது. சுவரைத் துளைக்கும் இயந்திரம் மட்டும் அவரிடம் மூன்று வகை உண்டு. பகலெல்லாம் ஊரார் கட்டடங்களில் கான்கிரீட்டைத் துளைத்து லிஃப்டுக்குத் தண்டவாளம் பொருத்துகிற கை. சொந்த வீட்டில் நாட்காட்டி கதவுக் கைப்பிடியில் தொங்கும், முகம் பார்க்கும் கண்ணாடி நாற்காலியில் சாய்ந்து நிற்கும். கேட்டால், "வாடகை வீடு. போகும்போது ஓட்டையை அடைச்சுக் குடுன்னு நிப்பான்" என்பார்.

"நாம போறதுக்குள்ள அந்தக் கண்ணாடி மூணு தடவை விழுந்தாச்சு" என்பாள் மனைவி.

போவது என்ற பேச்சு பதின்மூன்று வருஷமாக அந்தக் குடும்பத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வந்தது இரண்டு வருஷ ஒப்பந்தத்தில். நல்ல தொழில்காரர் என்பதால் கம்பெனி அதை ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று நீட்டிக்கொண்டே போனது. ஒவ்வொரு முறையும், "இதுதான் கடைசி, அடுத்த வருஷம் ஊரோட போயிடலாம்" என்று வாய் நிறையச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுவார். குளிர்ப்பெட்டி வந்த அட்டைப்பெட்டி, டிவி வந்த அட்டைப்பெட்டி எல்லாம் மடித்து அலமாரி மேல் அடுக்கியிருந்தது. திரும்பக் கட்டி எடுத்துப்போக வேண்டுமே. நிரந்தரமா தற்காலிகமா என்று எந்தத் தாளில் கேட்டிருந்தாலும் யோசிக்காமல் தற்காலிகத்தில் கோடு போடுவார். வங்கியில் அப்படி, பள்ளிக்கூடத்தில் அப்படி, நூலகத்தில்கூட அப்படி.

"தம்பி, ஒரு புத்தகத்தை வாங்கினா அதையாவது முழுசாப் படிப்பியா, இல்ல பாதியில ஊருக்குக் கிளம்பிடுவியா?" என்று கிண்டல் பண்ணுவார் வக்கீல். இந்த வக்கீல் கோர்ட் வாசலை மிதித்தவர் இல்லை. லிஃப்ட்காரரோடு சேர்ந்து வேலை பார்க்கும் இன்னொரு மெக்கானிக்; அவரைவிட எட்டு வயது மூத்தவர். விசா விதி எல்லாம் நாக்கு நுனியில் வைத்திருந்ததால் அந்தப் பெயர். அவர் எப்போதோ நிரந்தரமாகத் தங்கும் அனுமதி வாங்கி, வாசலில் தன் பெயரைப் பித்தளையில் அடித்து மாட்டியாகிவிட்டது.

லிஃப்ட்காரருக்குப் பித்தளை வேண்டியிருக்கவில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போனால் பார்க்கிறவர்கள் எல்லாம் எப்போ திரும்பிப் போறே என்றார்கள். இங்கே திரும்பி வந்தால் எப்போ ஊருக்குப் போறே என்றார்கள். யாருமே எதுவுமே கேட்காத ஒரு தெருவில் காலாற நடந்து வேலைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசைப்பட்டது.

வந்த மூன்றாம் வருஷம் ஒரு பிள்ளை பிறந்தது. ஏழு மாதத்திலேயே பிறந்துவிட்டான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஆஸ்பத்திரிக்காரர்கள் தங்களால் ஆனதெல்லாம் செய்தார்கள். தாய்க்கு அறுவைச் சிகிச்சை, அதன் மேல் காய்ச்சல். வேறொரு மாடியில் படுக்கை. சக்கர நாற்காலியில் மூன்று தடவை கூட்டிப்போய்க் காட்டினார்கள். என்ன பெயர் வைப்பது என்று ஊரில் பெரியவர்களைக் கேட்கலாம் என்று போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் ஒன்று சொல்ல, அவர்கள் ஒன்று சொல்ல, பதினோராம் நாள் காலையில் அந்தப் பேச்சுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

மறுநாள் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. வக்கீல் வண்டி ஓட்ட, லிஃப்ட்காரர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு புதைகாட்டுக்குப் போனார். செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. வாசலில் இருந்த அலுவலகத்தில் நாலு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். பெட்டியை வக்கீலின் மடிக்கு மாற்றிவிட்டு உட்கார்ந்து நிரப்பினார். பெயர் என்ற இடத்தில் 'ஆண் குழந்தை' என்று எழுதினார். பிள்ளையைக் காக்க வைக்கிறோமே என்ற ஒரே நினைப்பு. பேனா ஓடிய வேகத்தில் தாள் ஓரிடத்தில் கிழிந்தது.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கல் பதித்தார்கள். ஓர் எண், இரண்டு தேதிகள்.

உடம்பு தேறியதும் அவள் போகத் தொடங்கினாள். மாதம் ஒருமுறை, இரண்டு பஸ் மாறி. முதல் வருஷம் அவரும் கூடப் போனார். பிறகு வேலை, ஓவர்டைம் என்று நின்றுபோனது. அவள் ஒரு துணியும் பாட்டிலில் தண்ணீரும் எடுத்துப்போய்க் கல்லைத் துடைப்பாள், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள், திரும்பி வந்து அடுப்பைப் பற்ற வைப்பாள். அங்கே என்ன நினைத்தாள், அழுதாளா என்று அவர் கேட்டதில்லை. கேட்டால் கட்டியது அவிழ்ந்துவிடுமோ என்று பயம். இரண்டு வருஷம் கழித்து மகள் பிறந்தாள். அவளிடம் இதைச் சொல்லவில்லை. அம்மா மாதம் ஒருநாள் மருந்துக் கிடங்கில் கூடுதல் வேலைக்குப் போகிறாள் என்றே அந்தக் குழந்தை எட்டு வயது வரை நினைத்துக்கொண்டிருந்தது. வேதியியல் படித்துவிட்டு, கணவரின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்த அவளுக்குக் கிடைத்த வேலை அங்கே பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவது.

கடைசியில் ஊருக்குப் போவது நிஜமாகவே கூடி வந்தது. மனைவியின் அண்ணன் போனில் கூப்பிட்டார். "மாப்பிள்ளை, பன்னெண்டு லிஃப்ட்டு கையில இருக்கு. மூணு அடுக்குமாடிக்காரங்களும் நம்மளுக்குத்தான் பராமரிப்புன்னு வாக்குக் குடுத்துட்டாங்க. நீங்க வந்து நின்னாப் போதும், மத்தத நான் பாத்துக்கறேன்." அதே மாதம் கம்பெனியிலிருந்தும் கடிதம் வந்தது. மார்ச்சோடு ஒப்பந்தம் முடிகிறது, இனி நீட்டிப்பு இல்லை. நிரந்தரமாகத் தங்க விரும்புகிறவர்கள் அதற்குள் விண்ணப்பிக்கலாம், கம்பெனி பரிந்துரைக்கும்.

மனைவியிடம் இரண்டையும் சொன்னார். நாலு நாள் அவள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் வேலைக்கு லீவு போட்டு எங்கோ போனாள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றியபடியே, "போலாங்க. சொல்லிட்டு வந்துட்டேன்" என்றாள். யாரிடம் என்று அவர் கேட்கவில்லை.

மார்ச் கடைசியில் டிக்கெட் போட்டார்கள். அதற்குப் பிறகு அவள் நடையே மாறியது. பாத்திரங்களைப் பிரித்து இது வேணும், இது வேணாம் என்று குவித்தாள். மகளின் சின்னச் சட்டைகளைக் கீழ்வீட்டுக்குக் கொடுத்தாள். ஒருநாள் வேலை செய்யும்போது ஏதோ முணுமுணுவென்று பாடுவதுகூடக் கேட்டது. பத்து வருஷத்தில் கேட்காத சத்தம்.

பிப்ரவரியில் அந்த உறை வந்தது. பழைய முகவரிகள் இரண்டு அடிக்கப்பட்டு, மூன்றாவதாக இந்த வீட்டு முகவரி கையால் எழுதியிருந்தது. அவசரத்தில் பிரிக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். பதினாலு மாடிக் கட்டடம், மாதாந்திரச் சோதனை. வக்கீல் கீழே, லிஃப்ட் கூண்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கியிருந்தார். இவர் மேலே இயந்திர அறையில். கீழே ஆள் இருக்கும்போது மேலே இருப்பவர் குரல் கொடுத்துப் பதில் வாங்காமல் கூண்டை ஓர் அங்குலம்கூட நகர்த்தக் கூடாது. அதுபோலக் கீழே இருந்து கேட்டால் உடனே பதில் சொல்ல வேண்டும். தொழிலில் சேர்ந்த அன்றைக்கே சொல்லித்தருகிற முதல் பாடம் அது.

எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது, அது வடிய ஐந்து நிமிஷம் ஆகும். உறையைப் பிரித்தார்.

புதைகாட்டு நிர்வாகம் எழுதியிருந்தது. மூன்றாவது மற்றும் இறுதி அறிவிப்பு. உங்கள் விருப்பப்படி பத்து ஆண்டுகளுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தின் காலம் அடுத்த மாதம் பதினாலாம் தேதி முடிகிறது. அதன்பின் எச்சங்கள் பொதுவிடத்துக்கு மாற்றப்பட்டு, இடம் மறுபடி பயன்படுத்தப்படும். கல் வேண்டுமென்றால் குடும்பத்தார் எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் விருப்பப்படி என்ற இடத்தை மறுபடி படித்தார்.

"மேலே எப்படி?" என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது.

அவர் பதில் சொல்லவில்லை.

"மேலேஏஏ!"

கடைசியில் வக்கீலே குழியிலிருந்து ஏணி ஏறி, பதினாலு மாடியும் படியேறி, மூச்சு வாங்க, இயந்திர அறைக்கு வந்தார். "ஏன்டா, வாயில கொழுக்கட்டையா? நான் கீழ நசுங்கிக் கிடந்தா அப்பவும் இப்படித்தான் நிப்பியா?" என்று ஆரம்பித்தவர், முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கடிதத்தை வாங்கிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்.

"பத்து வருஷம்தான்னா போட்ட? அன்னிக்கு?"

"தெரியலண்ணே."

"நான் பக்கத்துலதான இருந்தேன்" என்றார் வக்கீல். தன்னையே கேட்டுக்கொள்வதுபோல. "நான் அந்தப் பெட்டியையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

அன்று மத்தியானமே லிஃப்ட்காரர் புதைகாட்டு அலுவலகத்துக்குப் போனார். முகப்பில் இருந்த பெண் நல்ல மாதிரி. பழைய கோப்பைத் தேடி எடுத்து அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். அவர் கையெழுத்து. தாள் கிழிந்த இடம். மூன்றாம் பக்கத்தில் இரண்டு கட்டங்கள், பத்து ஆண்டு, நிரந்தரம். ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் என்றால் இரண்டுக்குமே கட்டணம் கிடையாது என்று அடியில் அச்சடித்திருந்தது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். பத்து ஆண்டுக்கு நேரே கோடு நேராக, தயங்காமல், அழுத்தமாக விழுந்திருந்தது.

இதை மாற்ற முடியாதா என்று கேட்டார். முடியாது என்றாள். இப்போது நிரந்தரம் என்பதையே எடுத்துவிட்டார்கள். இனி எல்லாருக்கும் பத்துப் பத்து வருஷமாகப் புதுப்பிப்பதுதான். அதுவும் நிரந்தரமாகத் தங்குகிறவர்களுக்கு மட்டும். அனுமதி கைக்கு வந்திருக்க வேண்டும் என்றில்லை, விண்ணப்பித்த ரசீது இருந்தால் போதும் என்றாள். சொல்லிவிட்டு, உங்களுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

இரண்டு நாள் மென்று விழுங்கினார். மூன்றாம் நாள், மகள் பள்ளிக்கூடம் போன பிறகு, மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த மனைவியிடம் பட்டும் படாமலும் ஆரம்பித்தார்.

"இங்கேயே இருந்துடலாமான்னு ஒரு யோசனை."

அவள் கையிலிருந்த போர்வையை மடியில் போட்டாள். "என்னது?"

"இல்ல, பாப்பா படிப்பு இருக்கு. வக்கீல் அண்ணனும் சொல்றாரு..."

"விளையாடுறீங்களா? பதிமூணு வருஷமா போலாம் போலாம்னு பாட்டுப் பாடினது யாரு, நானா? ஒரு நாளாவது போலாம்னு நான் கேட்டிருக்கேனா? இப்ப அண்ணன் நாயா அலைஞ்சு பன்னெண்டு லிஃப்ட்டு பிடிச்சுக் குடுத்திருக்காரு. நானும் மனசைக் கல்லாக்கிக்கிட்டுப் போய் அவன்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன். எவ்வளவு நாளாச்சு தெரியுமா எனக்கு, அந்த ஒரு வார்த்தை சொல்ல? பத்து வருஷம். இப்ப வந்து யோசனைங்கறீங்க. பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க."

பயம் என்று சொல்லிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கடிதத்தை எடுத்து நீட்டினார்.

அவள் ஒருமுறை படித்தாள். மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

"விருப்பப்படின்னா? யார் விருப்பம்?"

"நான்தான். அன்னிக்கு அந்தத் தாள்ல ரெண்டு கட்டம் இருந்துச்சு. எதுல போட்டேன்னே எனக்குத் தெரியல. எல்லாத்துலயும் போடுற மாதிரி..."

வெளியே யாரோ மாடிப்படியில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறும் சத்தம் கேட்டது. அது மேல்மாடிக்குப் போய் ஓய்ந்தது.

"குளிர்ப்பெட்டி வந்த அட்டை இன்னும் அலமாரி மேல இருக்கு" என்றாள். "அதைத் தூக்கிப்போட மனசு வரல உங்களுக்கு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அடி விழுந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"அவன் பெட்டி வக்கீல் அண்ணன் மடியில இருந்துச்சு. சீக்கிரம் முடிக்கணும்னு மட்டும்தான்..."

"அன்னிக்கு நான் வந்திருக்கணும்" என்றாள் அவள். கோபம் போய்விட்டிருந்தது, அதுதான் அவரை இன்னும் கலக்கியது. "எழுந்திருக்க முடியலேன்னு படுத்துட்டேன். தூக்கிட்டுப் போங்கன்னு சொல்லியிருக்கணும்."

"கல்லை வேணும்னா எடுத்துக்கலாமாம்."

"கல்லு எனக்கு எதுக்குங்க?" அவரை நிமிர்ந்து பார்த்தாள். "போலாம்னு நான் சொன்னதே அவன் இங்க இருப்பான்னு நம்பித்தான். நான் எங்க கிடந்தாலும், இந்த பஸ்ஸப் பிடிச்சு அந்த பஸ்ஸு மாறினா, மூணாவது வரிசையில அவன் இருப்பான். அந்த நெனப்புல இருந்துக்கலாம்னு நெனச்சேன். அந்த இடத்துல வேற யாரையோ வச்சுட்டா, நான் எதை நெனைக்கறது?"

"இங்க தங்கறதுக்கு விண்ணப்பிச்ச ரசீது காட்டினா இடத்தைப் புதுப்பிச்சுத் தருவாங்களாம். அப்போ இருந்துடலாமா?"

"என்னைக் கேக்காதீங்க. உங்களுக்கு ஊர் வேணும். அது எனக்குத் தெரியாதா? நீங்க போங்க, நான் இருந்துக்கறேன்னு சொல்லவும் எனக்கு வழி இல்ல. என் விசா உங்க பேர்ல ஒட்டிக்கிட்டு இருக்கு. அன்னிக்கும் நீங்க மட்டும்தான் கையெழுத்துப் போட்டீங்க. இன்னிக்கும் நீங்கதான் போடணும்."

போர்வையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். அது மூட்டைக்குப் போகிறதா, கட்டிலுக்குப் போகிறதா என்று அவளுக்கும் தெரியவில்லை போலிருந்தது; மடித்து மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் வக்கீல் துணையோடு விண்ணப்பத்தை நிரப்பினார். இந்த நாட்டில் உள்ள குடும்ப உறுப்பினர்கள் எத்தனை பேர் என்று ஒரு கேள்வி. உங்களையும் சேர்த்து என்று அடியில் குறிப்பு. நாலு என்று எழுதினார். வக்கீல் அதைப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"மூணுன்னு போடு தம்பி. அவங்க உயிரோட இருக்கிறவங்களைத்தான் கேக்கறாங்க."

அடித்துத் திருத்தினால் அதிகாரி கேள்வி கேட்பான் என்று புதுத் தாள் எடுத்து முதலிலிருந்து எழுதினார்கள்.

டிக்கெட்டை ரத்து செய்தார். மைத்துனரிடம் சொல்ல ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். காரணத்தைச் சொல்லவில்லை, தன் கையால் போட்ட கோட்டை இன்னொருவரிடம் எப்படிச் சொல்வது. மகளின் படிப்பு என்றார். மைத்துனர், "சரி மாப்பிள்ளை. பெரிய இடத்துல வேரு விட்டுட்டீங்க, நாங்க இடைஞ்சல் பண்ணக் கூடாது. லிஃப்ட்ட நான் வேற ஆளுக்குக் குடுத்துக்கறேன்" என்றார். அதன்பின் அவர் போன் வருவது குறைந்தது. வந்தாலும் தங்கையிடம் பேசிவிட்டு வைத்துவிடுவார். வேலையிலும் ஒன்றும் பெரிதாக மாறவில்லை. கம்பியை எண்ணெய்த்துணியால் துடைத்து, அறுந்த இழைகளை விரலால் தடவி எண்ணுகிற அதே வேலை. ஆனால் அடுத்த வருஷம் என்ற சொல் அவர் வாயிலிருந்து போய்விட்டது. அதைச் சொல்லாமல் நாளைக் கடத்துவது எப்படி என்று அவருக்குப் பழக்கமில்லை. சில நாள் வேலை முடிந்து வண்டியில் ஏறி உட்கார்ந்து, கிளப்பாமல் அப்படியே இருப்பார்.

ரசீதை எடுத்துக்கொண்டு புதைகாட்டு அலுவலகத்துக்குப் போனபோது, அந்தப் பெண் புதுப் படிவத்தில் ஓர் இடத்தைக் காட்டினாள். பத்து வருஷம் கழித்துக் கடிதம் போடக் குடும்பத்தில் இளையவர் ஒருவரின் பெயர் வேண்டும். முகவரி மாறிவிடுகிறது, பெற்றோருக்கு வயதாகிவிடுகிறது, அதனால் கேட்கிறோம். அவருக்கு இந்த இடம் தெரிந்திருந்தால் நல்லது என்றாள். மகளுக்கு அப்போது பதினெட்டு ஆகும். லிஃப்ட்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மனைவியைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்றார்.

மனைவியே சொன்னாள் மகளிடம். எப்படிச் சொன்னாள் என்று அவருக்குத் தெரியாது. அறைக்குள் இருவரும் அரைமணி நேரம் இருந்தார்கள். வெளியே வந்த மகள் அப்பாவை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பென்சில் சீவப் போய்விட்டாள்.

சனிக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். ஒன்பது வருஷத்தில் வரிசைகள் கூடியிருந்தன. அவருக்கு வழி தப்பியது. மனைவி நேராக நடந்துபோய் நின்றாள். துணியை நனைத்துக் கல்லைத் துடைத்தாள். மகள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேதிகளைப் படித்தாள், விரல் விட்டு எண்ணினாள்.

"பதினோரு நாள்தான் இருந்தானா?"

"ஆமா" என்றார் அவர்.

"எனக்கு எட்டு வயசு." புருவத்தை நெரித்து யோசித்தாள். "அப்போ இவன் எனக்கு அண்ணனா, தம்பியா?"

லிஃப்ட்காரர் மனைவி பக்கம் திரும்பினார்.

"அண்ணன்தான்" என்றாள் மனைவி. "உனக்கு முன்னாடி வந்தவன்."

"குட்டியா இருந்தானா?"

"ரொம்பக் குட்டி. தலையை உள்ளங்கையில வச்சா கால் என் முழங்கைக்கு எட்டல. ஒடம்பு மட்டும் கதகதன்னு இருந்துச்சு."

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்ததோடு சரி என்றுதான் பத்து வருஷமாக நினைத்திருந்தார்.

"நீ தூக்கினியா அவனை?"

"ஒரே ஒரு தடவை. நர்ஸ் எடுத்துக் குடுத்தாங்க."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே" என்றாள், துணியைப் பிழிந்துகொண்டே.